குதிகால் வலி: ஓய்வா, ஊசியா, படிக்கட்டா?

காலையில் கட்டிலை விட்டு இறங்கி முதல் அடி வைத்ததுமே குதிகாலில் ஆணி அடித்தது போல வலி. பத்து அடி நடந்தால் தணியும். மறுநாள் விடிந்தால் அதே ஆணி. மூன்று வருடத்துக்கு முன், கோலாலம்பூரின் தித்திவங்சா ஏரியைச் சுற்றி ஓடும் தூரத்தை ஒரே மாதத்தில் இரட்டிப்பாக்கியதால் வந்தது இது. குதிகால் எலும்பில் தொடங்கி விரல்கள் வரை பாதத்தின் அடியில் ஒரு தடித்த நார்ப்பட்டை இருக்கிறது. சுமை அளவுக்கு மீறினால் அது நைந்துபோகும். பிளாண்டர் ஃபேசியைட்டிஸ் என்று கிளினிக்கில் சொல்வது இதைத்தான்.

அம்மா தைலமும் ஓய்வும் போதும் என்றார். கூட ஓடும் தம்பி, "ஊசி போட்டுடுங்கண்ணே, தைப்பூசத்துக்கு நடக்கணும்ல" என்றார். பிசியோதெரபிஸ்ட் காட்டியது படிக்கட்டை.

முதலில் ஓய்வு. ஆறு வாரம் ஓடவில்லை. ராத்திரியில் அம்மா கோடாலித் தைலம் தேய்த்து நீவி விடுவார், சுகமாக இருக்கும். ஆறிவிட்டது என்று ஷூவை மாட்டினேன், இரண்டாவது கிலோமீட்டரிலேயே வலி திரும்பியது. ஓய்வு வலியை அடக்கும், நார்ப்பட்டைக்கு வலு தராது. கெண்டைக்கால்தான் தளர்ந்து போயிருந்தது. சும்மா இருப்பதைவிட சைக்கிள் மேல்: குதிகாலில் அடி விழாது, ஓடுவதற்கான மூச்சுத் திறனும் குறையாது. சீட்டை மட்டும் ரொம்பத் தாழ்த்தி வைக்காதீர்கள், கணுக்கால் அதிகமாக மடங்கி அந்த இடத்தையே இழுக்கும்.

ஸ்டீராய்டு ஊசி வேகமானது, மறுக்கவில்லை. ஆனால் அந்த நிம்மதி பெரும்பாலும் சில வாரங்களுக்குத்தான். அரிதாக நார்ப்பட்டை அறுந்துபோகலாம், குதிகாலின் கொழுப்பு மெத்தை மெலியலாம். இனிப்புநீர் உள்ளவர்களுக்குச் சில நாள் சர்க்கரை ஏறும். நம் வீடுகளில் இது சின்ன விஷயம் இல்லை. வலி மறைந்த தைரியத்தில் பழைய தூரத்தையே ஓடிவிடுவோம் என்ற பயமும் எனக்கு இருந்தது. போடவில்லை.

என் ஓட்டு படிக்கட்டுக்கே. ஒரு துண்டைச் சுருட்டிப் படியின் விளிம்பில் வைத்து, விரல்கள் அதன்மேல் மேல்நோக்கி வளையும்படி ஒற்றைக் காலில் நிற்க வேண்டும். சுவரைப் பிடித்துக்கொள்ளலாம். மூன்று விநாடியில் குதிகாலை உயர்த்தி, இரண்டு விநாடி நிறுத்தி, மூன்று விநாடியில் இறக்க வேண்டும். பன்னிரண்டு முறை, மூன்று சுற்று, ஒருநாள் விட்டு ஒருநாள். எளிதாகிவிட்டால் முதுகுப்பையில் புத்தகங்களை ஏற்றிக்கொள்ளலாம். டென்மார்க்கில் 48 பேரை வைத்து நடந்த ஓர் ஆய்வில், மூன்றாவது மாதத்தில் இதைச் செய்தவர்கள் வெறும் நீட்டல் பயிற்சி செய்தவர்களைவிட நன்றாகத் தேறியிருந்தார்கள். ஒரு வருடத்தில் இரண்டு அணிக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. ஆக, இதில் மிச்சமாவது காலம். இரு அணிக்கும் ஷூவுக்குள் வைக்கக் குதிகால் மெத்தையும் கொடுத்திருந்தார்கள். அளவெடுத்துச் செய்யும் விலை உயர்ந்த மெத்தையைத் தேட வேண்டாம், கடையில் கிடைப்பதே போதும்.

இன்னொன்று. நம் வீடுகளில் செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டு நாளெல்லாம் டைல்ஸ் தரையில் வெறுங்காலோடு நிற்கிறோம். சமையலறையில் வீட்டுச் செருப்பு போட ஆரம்பித்ததும் ஒரே வாரத்தில் மாலை வலி பாதியானது.

குதிகாலை இரண்டு பக்கமும் அழுத்திப் பிடித்தால் சுள்ளென்று வலிக்கிறதா, ராத்திரியிலும் வலிக்கிறதா, மரத்துப்போகிறதா? அப்படியானால் பயிற்சி வேண்டாம். எலும்பில் கீறலோ நரம்புப் பிரச்சினையோ இருக்கலாம், முதலில் டாக்டரைப் பாருங்கள்.

அந்தத் தைப்பூசத்தன்று பத்துமலை அடிவாரம் வரை ஷூவோடு நடந்தேன். அங்கே கழற்றிவிட்டு, 272 படிகளையும் ஒவ்வொன்றாக, மெதுவாக, குதிகாலை முழுசாகப் பதித்து ஏறினேன். மறுநாள் காலை முதல் அடியில் லேசான இறுக்கம் மட்டும் இருந்தது.