ரெஸ்யூமே பொருத்திப் பார்க்கும் சேவை: பாதியை மட்டும் பரிந்துரைக்கிறேன்

மூன்று மாதமாக ஒரு சேவையைப் பயன்படுத்தினேன். நம் ரெஸ்யூமேயையும் விண்ணப்பிக்க நினைக்கும் வேலை அறிவிப்பையும் கொடுத்தால், இரண்டும் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று 100-க்கு மதிப்பெண் போடும், எந்தெந்தச் சொற்கள் விடுபட்டிருக்கின்றன என்று காட்டும், ஒரு பட்டனை அழுத்தினால் ரெஸ்யூமேயைத் திருத்தியும் கொடுத்துவிடும். தினமும் நமக்கு ஏற்ற வேலைகள் என்று ஒரு பட்டியலும் மெயிலில் வரும். இந்த மாதிரி சேவைகள் இப்போது நிறைய, வேலை செய்யும் விதமும் ஏறக்குறைய ஒன்றுதான், அதனால் பெயர் சொல்லாமல் எது உதவியது, எது கெடுத்தது என்று மட்டும் எழுதுகிறேன். ஒப்பிட்டுக் காட்டும் பகுதிக்குச் சந்தா கட்டலாம். திருத்தி எழுதும் பகுதியைத் தொடாதீர்கள்.

முதல் நாளிலேயே கிடைத்த பலனைச் சொல்கிறேன். ரெஸ்யூமேயை ஏற்றியதும் அது தனக்கு எப்படிப் புரிந்தது என்று வெறும் எழுத்தாகக் காட்டியது. பார்த்து அதிர்ந்துபோனேன். பக்கத்தை இடம் வலமாக இரண்டாகப் பிரித்த அழகான டெம்ப்ளேட்டில் வைத்திருந்தேன், அது இடது பக்கத்து வரியையும் வலது பக்கத்து வரியையும் சேர்த்துப் படித்து, நான் 2019-இல் சேர்ந்த வேலைக்குப் படிப்பு முடித்த வருடத்தைப் போட்டிருந்தது. ஹெடரில் வைத்திருந்த போன் நம்பர் காணவே காணோம். மென்பொருள் திறனுக்குப் போட்டிருந்த ஐந்து நட்சத்திரப் படங்களுக்கு எதிரே ஒன்றுமே இல்லை, படத்தை அது எழுத்தாக எடுத்துக்கொள்ளாது. நிறுவனங்களில் விண்ணப்பங்களை வாங்கி வைக்கும் மென்பொருள்களிலும், ஏ.டி.எஸ். என்பார்களே, அவற்றிலும் இப்படி நடக்கலாம். இடம் வலமாகப் பிரிக்காத பக்கம், வழக்கமான தலைப்புகள், தொடர்பு விவரம் பக்கத்தின் உள்ளேயே, இவ்வளவுதான் மாற்றினேன். இதற்குக் காசு கட்டவே வேண்டாம் என்பதையும் சொல்லிவிடுகிறேன்: பிடிஎஃப்பைத் திறந்து முழுவதையும் காப்பி செய்து நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள், அங்கே வரிகள் குழம்பியிருந்தால் வேறு இடத்திலும் குழம்ப வாய்ப்பு அதிகம்.

அடுத்து ஒப்பீடு. எனக்குக் கிடங்கிலும் கொள்முதலிலும் எட்டு வருட அனுபவம். ரெஸ்யூமேயில் எல்லா இடத்திலும் ‘ஸ்டாக் மேனேஜ்மென்ட்’ என்றே எழுதியிருந்தேன், எனக்குப் பிடித்த அறிவிப்புகளிலோ ‘இன்வென்டரி கன்ட்ரோல்’ என்று இருந்தது. ஒரே வேலைதான், ஆனால் ஆள் தேடுபவர் தன் சொல்லைப் போட்டுத்தானே தேடுவார்? இதைவிட முக்கியமானது இன்னொன்று. ‘சைக்கிள் கவுன்ட்’ விடுபட்டிருக்கிறது என்று காட்டியபோதுதான் உறைத்தது, வாராவாரம் இருப்பைப் பகுதி பகுதியாக எண்ணிச் சரிபார்ப்பதை வருடக்கணக்காகச் செய்திருக்கிறேன், வழக்கமான வேலைதானே என்று எழுதாமலே விட்டிருக்கிறேன். செய்த வேலை நமக்குப் பழகிப்போவதால் கண்ணிலேயே படாமல் போகிறது, அதை எடுத்துக்காட்டிய இடத்தில் இந்தச் சேவைக்கு மனதார நன்றி சொல்வேன்.

குறை என்னவென்றால் எல்லாச் சொல்லுக்கும் ஒரே எடை போடுகிறது. கட்டாயம் தெரிந்திருக்க வேண்டிய மென்பொருளும் ‘டீம் பிளேயர்’ என்ற வெற்றுச் சொல்லும் அதற்கு ஒன்றுதான். அறிவிப்பில் ‘அவசியம்’ என்று இருப்பவை எவை, ‘இருந்தால் நல்லது’ என்று இருப்பவை எவை என்று நானே பேனாவால் பிரித்துக்கொண்டேன், அப்புறம்தான் அந்தப் பட்டியல் உருப்படியாகப் பயன்பட்டது.

இப்போது திருத்தி எழுதும் பகுதி. ஒரு வேலைக்கு 58 மதிப்பெண் வந்தது, பட்டனை அழுத்தினேன், 92 ஆகிவிட்டது. சந்தோஷத்தில் மேலோட்டமாகப் படித்துவிட்டு அனுப்பினேன். அழைப்பும் வந்தது. இன்டர்வியூவில் எதிரே இருந்தவர் ரெஸ்யூமேயைப் பார்த்துக்கொண்டே, எஸ்.ஏ.பி.யில் பொருள் வரவை எப்படிப் பதிவு செய்வீர்கள் என்று கேட்டார். நான் எஸ்.ஏ.பி. தொட்டதே இல்லை, வேறு மென்பொருளில்தான் வேலை செய்தேன். அறிவிப்பில் எஸ்.ஏ.பி. இருந்ததால் அது என் அனுபவத்திலும் ஒரு வரியைச் சேர்த்திருக்கிறது. ‘குழுவில் பங்கேற்றேன்’ என்று நான் எழுதியிருந்தது ‘குழுவை வழிநடத்தினேன்’ என்று மாறியிருந்தது. நான் எங்கேயும் சொல்லாத ஒரு சதவீதக் கணக்கில் செலவைக் குறைத்ததாகவும் இருந்தது. தெரியாது என்று சொன்னேன். அவர் கோபப்படவில்லை, அந்தத் தாளை மூடி வைத்தார், மீதிக் கேள்விகள் எல்லாம் வெறும் மரியாதைக்கு. உண்மையில் எனக்கு நன்றாகத் தெரிந்த வேலை அது. தெரியாத ஒன்றைத் தெரியும் என்று எழுதியதால், தெரிந்ததைச் சொன்னபோதும் அவருக்கு நம்பிக்கை வரவில்லை, அதில் அவர்மேல் தப்பே இல்லை. படிக்காமல் அனுப்பியது என் பொறுப்புதான், ஆனால் இல்லாத அனுபவத்தைச் சேர்க்கும்போது ‘இது உங்களுக்குத் தெரியுமா’ என்று ஒரு கேள்வி கேட்கக்கூட அந்தச் சேவையில் வழி வைக்கவில்லை என்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

அந்த மதிப்பெண்ணைப் பற்றியும் சொல்ல வேண்டும். முக்கால்வாசி ரெஸ்யூமேக்களை இயந்திரமே தூக்கிப் போட்டுவிடுகிறது என்று பயமுறுத்திதான் இந்தச் சந்தாக்களை விற்கிறார்கள், அதை நம்பித்தான் நானும் சேர்ந்தேன். ஆனால் வொர்க்டே, கிரீன்ஹவுஸ், லீவர் மாதிரி ஏ.டி.எஸ்.களின் அடிப்படை வேலை விண்ணப்பங்களைச் சேர்த்து வைப்பது, தேடவும் வடிகட்டவும் வழி செய்து கொடுப்பது. தானாக நிராகரிப்பது பெரும்பாலும் விண்ணப்பத்தோடு கேட்கும் கேள்விகளால்தான்: வேலை செய்ய அனுமதி இருக்கிறதா, உரிமம் இருக்கிறதா, எத்தனை வருட அனுபவம் என்பது போல. நமக்கு இந்தச் சேவை போடும் 92 அங்கே யாருக்கும் போய்ச் சேர்வதில்லை, அது இவர்களே வைத்துக்கொண்ட கணக்கு. லேடர்ஸ் என்ற நிறுவனம் 2018-இல் வெளியிட்ட ஆய்வில், ஆள் எடுப்பவர்கள் ஒரு ரெஸ்யூமேயை முதல் பார்வையில் பார்ப்பது சராசரியாக 7.4 விநாடி என்று வந்தது. ஆக அதைப் புரட்டுவது ஒரு மனிதர், அவர் கண் முதலில் படும் முதல் அரைப்பக்கத்துக்காக உழைப்பதுதான் 80-ஐ 90 ஆக்குவதைவிட மேல்.

தினசரி வேலைப் பட்டியல் எனக்குப் பயன்படவில்லை. பதவிப் பெயரை வைத்தே தேடுகிறது போலிருக்கிறது, ‘மேனேஜர்’ என்று இருந்ததால் ஹோட்டல் மேனேஜர் வேலைகூட வந்தது. அதற்குப் பதில் நான் செய்தது: பிடித்த பத்து அறிவிப்புகளை ஒரே கோப்பில் ஒட்டி, திரும்பத் திரும்ப வரும் திறன்களை எண்ணினேன். என் வேலைக்கு வேறு என்ன பெயர்கள் இருக்கின்றன என்று தெரிந்துகொள்ள அமெரிக்கத் தொழிலாளர் துறையின் ஓ-நெட், ஐரோப்பிய ஆணையத்தின் எஸ்கோ என்ற இரண்டு தொழில் விவரத் தளங்களையும் பார்த்தேன். இரண்டும் இலவசம், எஸ்கோவில் மட்டும் சுமார் 3,000 தொழில்களும் அவற்றுக்கான திறன்களும் இருக்கின்றன. நான் தேடாமலே விட்ட நான்கைந்து பதவிப் பெயர்கள் அங்கிருந்துதான் கிடைத்தன.

இப்போது என் வழக்கம் இதுதான். செய்த வேலை எல்லாவற்றையும் எழுதிய ஒரு நீளமான மூல ரெஸ்யூமே வைத்திருக்கிறேன், யாருக்கும் அனுப்புவதில்லை. ஒரு வேலை பிடித்தால் அதிலிருந்து பொருந்துவதை மட்டும் எடுத்து, முக்கியமானதை மேலே ஏற்றி, அவர்கள் சொல்லும் பெயரில் எழுதுகிறேன். பாதிக்கு மேல் ‘அவசியம்’ எனக்கு இல்லையென்றால் விண்ணப்பிப்பதே இல்லை. விண்ணப்பங்கள் குறைந்தன, ஒவ்வொன்றுக்கும் ஒரு மணி நேரம் பிடிக்கிறது, ஆனால் கடைசியாக அனுப்பிய ஏழில் மூன்றுக்கு அழைப்பு வந்தது, மூன்றிலும் கேட்ட எல்லாக் கேள்விக்கும் என்னிடம் பதில் இருந்தது.

சேவையில் சேர்பவர்களுக்கு ஒன்று. ரெஸ்யூமேயை ஏற்றும் முன் வீட்டு முகவரி, பிறந்த தேதி, பரிந்துரை செய்பவர்களின் போன் நம்பர் எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள், ஒப்பிட அவை தேவையே இல்லை. சந்தாவை நிறுத்தினால் ஏற்றிய கோப்புகள் தானாகப் போய்விடும் என்று நினைத்தேன், போகவில்லை. கணக்கை அழிப்பது செட்டிங்ஸில் தனியாக, கடைசியில் இருந்தது.