அத்திவாரம் திருத்தி ஆறரை வருசம்: உப்புவெளியிலிருந்து

2019 ஆடியில் திருகோணமலை உப்புவெளியில் இருக்கிற எங்கள் வீட்டின் பின்மூலையைத் தோண்டி, பழைய அத்திவாரத்துக்கு அடியில் கொங்கிறீற் போட்டுத் தாங்க வைத்தோம். வேலை முடிந்த கையோடு எழுதியிருந்தால் புகழ்ந்து தள்ளியிருப்பேன். அதற்குப் பிறகு இரண்டு புயல், ஒரு பொருளாதார நெருக்கடி, அப்பாவின் முழங்கால் ஒப்பரேஷன் எல்லாம் வந்து போய்விட்டன. எது நின்றது, எது நிற்கவில்லை என்று இப்போது சொல்லலாம்.

முதலில் வீட்டைப் பற்றி. 2002 இல், யுத்த நிறுத்தம் வந்த வருசம், அப்பா எனக்குச் சீதனமாகக் கட்டித் தந்த வீடு. துறைமுகத்தில் வேலை செய்து சேர்த்த காசு. காணி கொஞ்சம் பள்ளம், கிரவல் கொட்டி உயர்த்தித்தான் கட்டினார். கருங்கல் அத்திவாரம், ஆறு அங்குல புளொக் கல், மேலே ஓடு. 2013 இல் குசினியைப் பின்னுக்கு நீட்டியபோது கூரைத் தண்ணி வடியப் புதிதாகப் பீலி போட்டோம். அந்தப் பீலித் தண்ணி முழுக்கப் பின்மூலைக் குழாயால் இறங்கி நிலத்தில் விழும். இந்த ஒரு வரியை மறக்காதீர்கள். நாங்கள் மறந்துதான் மூன்று வருசம் வீணாக்கினோம்.

2016 இல் குசினி யன்னல் மூலையிலிருந்து ஒரு வெடிப்பு கிளம்பியது. கல் இணைப்பு வழியே படிக்கட்டு மாதிரி ஏறி இறங்கியது. மேலே அகலம், கீழே வரவர மெல்லிசு. அடுத்த மாரி முடிய மேல்பக்கத்தில் ஐந்து ரூபாக் குத்தி உள்ளே போகும் அளவுக்கு விரிந்துவிட்டது. பின்கதவு நிலையோடு இறுகி, தூக்கிச் சாத்த வேண்டியதாயிற்று.

எங்கட ஊரில் எந்த வெடிப்புக்கும் ஒரு காரணம் தயாராக இருக்கும்: சுனாமி. 2004 இல் தண்ணி எங்கள் ஒழுங்கை முகப்போடு நின்றுவிட்டது, வளவுக்குள் வரவேயில்லை. ஆனாலும் பார்க்க வந்தவர்களில் பாதிப் பேர் அதைத்தான் சொன்னார்கள். அப்பா சொன்னது வேறு. பக்கத்து வளவில் ஒரு பெரிய வேம்பு நிற்கிறது. "அந்த வேர்தான் பிள்ளை, அடியால வந்து தூக்குது." அந்த வீட்டு அன்ரியிடம் மரத்தைத் தறிக்கச் சொல்லிக் கேட்டு, அவ முகம் கறுத்து, வைரவர் மடைக்குச் சொல்லாமல் விடுகிற அளவுக்குப் போய்விட்டது.

இதில் வாயே திறக்க முடியாமல் இருந்தவர் என் கணவர். சீதன வீட்டில் வெடிப்பு என்று மருமகன் சொன்னால் அது வெடிப்பைப் பற்றிய கதையாக இருக்காது. வெடிப்பைப் பார்ப்பார், என்னைப் பார்ப்பார், கடைக்குப் போய்விடுவார். 2017 இல் அப்பாவே ஒருவரைக் கூட்டிவந்து வெடிப்பைக் கொத்தி, சாந்து அடைத்து, பூசி, பெயின்ற் அடித்தார். 18 ஆயிரம் ரூபா. தை பிறக்கும் முன்னமே அதே கோட்டில் திரும்ப விரிந்தது. நோய் காலில், மருந்து கன்னத்தில் என்று சொல்ல வாய் வந்தது. சொல்லவில்லை.

திருப்பம் வந்தது கணவரின் மச்சான் முறையான ஒருவரால். கட்டட வேலைகளைப் பார்க்கிற ரீ.ஓ., அதாவது தொழில்நுட்ப உத்தியோகத்தர். வந்தவர் வெடிப்பை இரண்டு நிமிசம்தான் பார்த்தார். பிறகு தண்ணி நிரப்பிய ரியூப்பை வைத்து வீட்டைச் சுற்றி மட்டம் பார்த்தார். பின்மூலை ஒன்றேகால் அங்குலம் இறங்கியிருந்தது. "மாமா, சுவர் வெடிக்கேல்லை. மூலை கீழ போகுது, சுவர் கூடப் போக ஏலாமக் கிழியுது" என்றார். உடனே தோண்டவும் விடவில்லை. வெடிப்புக்குக் குறுக்கே மூன்று இடத்தில் மெல்லிய கண்ணாடித் துண்டுகளை, இரண்டு நுனியிலும் சீமெந்து வைத்து ஒட்டி, பக்கத்தில் பென்சிலால் திகதி எழுதினார். அது 2018 புரட்டாசி. கண்ணாடி முழுசாக இருந்தால் மூலை அசையாமல் நிற்கிறது, பூசிவிட்டு இருக்கலாம். உடைந்தால் இன்னும் இறங்குகிறது. செலவில்லாத சோதனை. வீட்டில் வெடிப்பு உள்ள எவருக்கும் நான் முதலில் சொல்வது இதைத்தான்.

மார்கழியில் மூன்றும் உடைந்தன. மேலே ஒட்டியது இரண்டு துண்டாகித் தொங்கியது. அப்பா அன்றைக்கு மத்தியானம் சாப்பிடவில்லை.

மழைக்குள் அத்திவாரம் தோண்டக் கூடாது. எங்கள் பக்கம் மழை ஐப்பசியிலிருந்து தை வரை. அதனால் சித்திரைக்குப் பிறகு என்று முடிவு. ஆனால் 2019 சித்திரையில் உயிர்த்த ஞாயிறுக் குண்டுகள் வெடித்தன. திரும்பச் சோதனைச் சாவடி, ஊரடங்கு. கிண்ணியாவிலிருந்து வருவதாக இருந்த மேசன் அண்ணை, "கொஞ்சம் பொறுங்க டீச்சர்" என்றார். ஆடியில்தான் வேலை தொடங்கியது. மகளுக்கு அந்த மார்கழியில் ஓ.எல். சோதனை.

எப்படிச் செய்தார்கள் என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் பிழையாகச் செய்தால் சுவர் இருந்தபடியே விழும். இறங்கிய பகுதி இரண்டு பக்கமும் சேர்த்து 34 அடி. அதைக் கிட்டத்தட்ட மூன்றரை அடிப் பத்துத் துண்டாகப் பிரித்து, சுவரில் சுண்ணாம்பால் இலக்கம் போட்டார்கள். முதல் தரம் 1, 4, 7, 10 மட்டும் தோண்டுவது. அதில் கொங்கிறீற் இறுகிய பிறகு 2, 5, 8. கடைசியாக 3, 6, 9. பக்கத்துப் பக்கத்துத் துண்டை ஒருக்காலும் ஒன்றாகத் திறக்கக் கூடாது, அப்படித் திறந்தால் சுவருக்குக் கீழ் ஒன்றுமேயில்லை. "வேகமா முடிச்சுத் தாறன்" என்று முன்பு ஒருவர் ஐந்து நாள் கணக்குச் சொன்னபோது ரீ.ஓ. ஏன் அவரை வேண்டாம் என்றார் என்று அப்போதுதான் விளங்கியது.

முதல் குழியில் இறங்கியவர் அலவாங்கால் கல்லுக்குக் கீழே குத்தினார். அலவாங்கு தன்பாட்டில் போனது. இரண்டரை அடியில் கருங்கல் முடிகிறது, அதற்குக் கீழ் கிரவல், கையால் அள்ளினால் ஈரமாய்ப் பொலபொலவென்று வருகிறது. அப்பா குழிக்கரையில் கதிரை போட்டு இருந்தார். எழும்பி வந்து ஒரு பிடி எடுத்து உருட்டிப் பார்த்தார். "அரை அடி அரை அடியாக் கொட்டி இடிக்கச் சொன்னனான். ஒரேயடியாக் கொட்டிப்போட்டுப் போயிருக்கிறாங்கள்." பதினேழு வருசத்துக்கு முந்திய கோபம். அதுவரை என் கணவர் மீது இருந்த கோபம் அன்றோடு ஆள் மாறியது. இந்தத் திருத்தத்தில் எனக்குக் கிடைத்த பெரிய இலாபம் அதுதான். வேப்பம்வேர்? விரல் மொத்தத்தில் இரண்டு.

இடித்து இறுக்காத கிரவல் காய்ந்திருக்கும்வரை தாங்கும். தண்ணி பட்டால் அமரும். 600 சதுர அடிக் கூரையில் ஓர் அங்குலம் மழை பெய்தால் ஏறக்குறைய 1400 லீற்றர். அதை 2013 இலிருந்து ஒரு குழாயால் சரியாக அந்த மூலைக்கே ஊற்றிக்கொண்டிருந்தோம்!

ஐந்தடியில் இறுகிய மணல் வந்தது. அங்கிருந்து சீமெந்து, மணல், சல்லி 1:2:4 கலவையில் கொங்கிறீற், பழைய கல்லுக்கு மூன்று அங்குலம் குறையவிட்டு. அடுத்த நாள் அந்த இடைவெளிக்குள், கையால் பிடித்தால் உருண்டையாக நிற்கிற அளவு மட்டும் ஈரமான சீமெந்து மணல் கலவையை, பலகை வைத்துச் சுத்தியலால் அடித்து அடித்து இறுக்கினார்கள். தண்ணியாக ஊற்றினால் காய்ந்து சுருங்கும், பிறகு தாங்காதாம். அந்த டொக் டொக் சத்தத்துக்குள்தான் மகள் கணக்குச் செய்தாள். கடைசியில் பாயைச் சுருட்டிக்கொண்டு பெரியம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். குசினி பூட்டு. அம்மா பின்பத்தியில் மூன்று கல்லு வைத்து, வேலைக்காரருக்கும் சேர்த்து ஐந்து கிழமை சமைத்தா. சூடை மீன் சொதி மேசன் அண்ணைக்கு அவ்வளவு பிடித்துவிட்டது, இப்பவும் சந்தையில் கண்டால் அம்மாவைத்தான் முதலில் சுகம் கேட்பார்.

செலவு: சொன்னது 2 இலட்சத்து 40 ஆயிரம், முடிந்தது 3 இலட்சத்து 20 ஆயிரம். பாதிக்கு மேல் கூலி. இறக்கக் குழாயை மாற்றி, தண்ணியை வளவின் முன்பக்கக் கானுக்குக் கொண்டுபோனதும், பின்சுவரோடு மூன்றடி அகலத்துக்கு வெளிப்பக்கம் சரிவாகச் சீமெந்து போட்டதும் இதற்குள் அடக்கம். அந்தக் குழாய் வேலைக்கு மட்டும் 30 ஆயிரம்தான். அதை 2013 இலேயே செய்திருந்தால் மற்றது தேவைப்பட்டே இருக்காது என்பது என் எண்ணம். மேசன் அண்ணை ஒத்துக்கொள்ள மாட்டார்.

இனி, நின்றதும் நிற்காததும்.

2020 மார்கழி 2 ஆம் திகதி இரவு புரெவிப் புயல் எங்களுக்கு வடக்கே கரையேறியது. விடிய அப்பா டோர்ச்சோடு போய்ப் புதுக் கண்ணாடித் துண்டுகளைப் பார்த்தார். ஒன்றும் ஆகவில்லை. 2025 கார்த்திகைக் கடைசியில் டித்வா புயல். மூதூர், வெருகல் பக்கம் மகாவலி பெருகிச் சனம் பட்ட பாட்டோடு பார்த்தால் எங்களுடையது கதையே இல்லை. ஆனால் பின்வளவில் தண்ணி இரண்டாம் படிவரை மூன்று நாள் நின்றது. மூலை அசையவில்லை. பின்கதவு ஒரு விரலால் தள்ளச் சாத்துகிறது. இந்த ஒன்றுக்காகவே கொடுத்த காசு தகும்.

ஆனால் குசினி நிலம் இறங்கியது. இதை எங்களுக்கு ஒருவரும் முன்னமே சொல்லவில்லை. சுவருக்குக் கீழ்தான் கொங்கிறீற், குசினித் தரை அதே இடியாத கிரவலின் மேல்தான் கிடக்கிறது. 2021 இல் ரைல்ஸைத் தட்டினால் பானை மாதிரிச் சத்தம் கேட்டது, சுவரோரம் எறும்பு வரிசை வைத்தது. திருத்தலாம் என்றால் 2022: ஆயிரத்துச் சொச்சத்துக்கு வாங்கிய 50 கிலோ சீமெந்துப் பை மூவாயிரத்தைத் தாண்டியது. சீனன்குடாவில் சீமெந்துத் தொழிற்சாலை இருக்கிற ஊரிலேயே ஒரு பை வாங்க யோசித்தோம். 2024 இல்தான் தரையைக் கிளப்பி, கிரவலை இடித்து இறுக்கி, திரும்பப் போட்டோம். அத்திவாரத்தோடு சேர்த்தே செய்திருக்க வேண்டிய வேலை. உங்கள் வீட்டில் செய்வதென்றால் தரையைத் தட்டிப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

இரண்டாவது, திருத்திய பகுதியும் திருத்தாத பகுதியும் சந்திக்கிற இடத்தில், நடு அறைச் சுவரில் ஒரு மயிர் வெடிப்பு. ஒரு பக்கம் இறுகி நிற்க, மறுபக்கம் கொஞ்சம் அமர்வது வழமை என்று ரீ.ஓ. முன்பே எச்சரித்திருந்தார். ஆறு வருசத்தில் விரிந்தது மிகக் குறைவு. அதன்மேலும் ஒரு கண்ணாடி ஒட்டியிருக்கிறது.

டித்வாவுக்குப் பிறகு ஒருநாள் அதே பழைய மூலையில் சுவரோரம் ஈரம். எனக்கு நெஞ்சு பக்கென்றது. கணவர் ஏணி வைத்து ஏறிப் பார்த்தார். பீலி நிரம்பி வழிந்திருக்கிறது. இரண்டு வாளி சருகு அள்ளினார், முழுக்க வேப்பிலை. கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்ற அப்பா ஒரு கொத்தை எடுத்து என் மூக்குக்கு நேரே பிடித்தார்.

"நான் அப்பவே சொன்னனான், வேம்புதான் எண்டு."