வானூர் பக்கத்து நாட்டு மர நர்சரி: விதை எந்தக் காட்டிலிருந்து வந்தது என்றும் சொல்கிறார்கள்

புதுச்சேரி–திண்டிவனம் சாலையோர நர்சரிகளில் பெரும்பாலும் அழகுச் செடிகளும் ஒட்டு மாங்கன்றும்தான் கிடைக்கும். நான் எழுதுவது வானூர் பக்கம் முந்திரித் தோப்பை ஒட்டி உள்ளடங்கியிருக்கும் சின்ன நர்சரியைப் பற்றி. விளம்பரம் வேண்டாம் என்று நடத்துபவர் கேட்டுக்கொண்டதால் பெயர் போடவில்லை.

வீரை, உலக்கைப்பாலை, காசான், கருங்காலி, உசிலை, வெப்பாலை எல்லாம் இங்கே கன்றாகக் கிடைக்கும். சோழமண்டலக் கரையில் தானாக வளர்ந்த காட்டின் மரங்கள் இவை. ஐப்பசி, கார்த்திகை மழையைக் குடித்துவிட்டு, அப்புறம் மாதக்கணக்கில் காய்ந்தாலும் வீரை, உலக்கைப்பாலை, காசான் போன்றவை பச்சையாகவே நிற்கும். அந்தக் காடு இன்று துண்டு துண்டாக, முக்கியமாகக் கோயில் காடுகளில்தான் மிஞ்சியிருக்கிறது. கீழ்ப்புத்துப்பட்டு அய்யனார் கோயில் காட்டுக்குள் போனவர்களுக்கு அதன் குளிர்ச்சி தெரியும்.

எனக்கு மிகவும் பிடித்தது ஒவ்வொரு பாத்திக்கும் வைத்திருக்கும் சிலேட்டு. எந்தக் காட்டு விதை, எந்த மாதம் பொறுக்கியது, எத்தனை தாய் மரங்களிலிருந்து எடுத்தது என்று சாக்பீஸில் எழுதியிருக்கிறார்கள். ஏன் இவ்வளவு கணக்கு என்று கேட்டேன். "ஒரே மரத்து விதைன்னா எல்லாம் ஒரு வயித்துப் பிள்ளைங்க டீச்சர். ஒரு நோய் வந்தா மொத்தமா படுத்துடும்" என்றார் நர்சரி நடத்துபவர்.

பத்து வகை மரம் நட்டால் பல்லுயிர் காத்துவிட்டோம் என்று நினைத்துவிடுகிறோம். ஒரே வகைக்குள்ளும் மரத்துக்கு மரம் குணம் மாறும். ஒன்று வறட்சியைத் தாங்கும், இன்னொன்று தேங்கிய தண்ணீரைத் தாங்கும். வெயில் ஏறிக்கொண்டே போகும் காலத்தில் நாளைக்கு எந்தக் குணம் தேவைப்படும் என்று யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. எல்லாவற்றையும் கைவசம் வைத்திருப்பதுதான் வழி. எங்கள் பகுதி 2011இல் தானே புயலில் மரங்களை இழந்தது. 2024 ஃபெஞ்சலில் புதுச்சேரியில் ஒரே நாளில் 48 செ.மீ. மழை கொட்டியது. அடுத்த கோடையில் அதே மண் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. இரண்டையும் தாங்க வேண்டிய கன்றுகள் இவை.

நான் வேலை பார்க்கும் பள்ளியின் சுற்றுச்சுவர் ஓரம் நட்டதில் உசிலையும் வெப்பாலையும் சீக்கிரம் பிடித்துக்கொண்டன. பள்ளமான மூலையில் வைத்த காசான் அழுகிவிட்டது, மேட்டில் வைத்தது நன்றாக இருக்கிறது. வீரையும் கருங்காலியும் மிக மெதுவாகத்தான் வளரும், அவசரப்படுபவர்களுக்குச் சரிவராது.

சின்னக் கன்று 30 ரூபாய், பெரிய கருங்காலி 80. ரொக்கம் மட்டும்தான். உலக்கைப்பாலை எப்போதும் இருக்காது. பழைய கன்றுகள் சிலவற்றில் வேர் பைக்குள்ளேயே சுருண்டிருந்தது. அப்படிப்பட்டதை நட்டால் பின்னால் காற்றுக்கு நிற்காது, அதனால் பையின் அடியைப் பார்த்து வாங்குங்கள். புரட்டாசியிலேயே வாங்கி நட்டுவிட்டால் முதல் மழை முழுதாகக் கிடைக்கும்.

ஒரே ஒரு பெரிய குறை: சிலேட்டில் இருக்கும் விவரம் கன்றோடு நம் வீட்டுக்கு வருவதில்லை. பையோடு ஒரு சீட்டு கட்டிக் கொடுங்கள் என்று சொல்லியிருக்கிறேன். நீங்கள் போனாலும் கேளுங்கள், நாலு பேர் கேட்டால் செய்துவிடுவார்.