கனோலா வேர்வீக்கம்: எதிர்ப்பு ரகமா, சுண்ணாம்பா?

கனடாவின் எட்மண்டன் அருகே 2003-இல் கனோலா எனும் எண்ணெய்வித்துப் பயிரின் வயல்களில் கிளப்ரூட் எனும் வேர்வீக்க நோய் கண்டறியப்பட்டது. வாடிய செடியைப் பிடுங்கினால் வேர் இஞ்சிபோல முண்டும் முடிச்சுமாக வரும். அது அழுகியதும் நோய்க்கிருமியின் கோடிக்கணக்கான வித்துகள் மண்ணில் கலந்து, ஆண்டுக்கணக்கில் உயிரோடு கிடக்கும். இதைச் சமாளிக்க இரண்டு வழிகளை ஒப்பிடுவோம்: நோயை எதிர்க்கும் ரகத்தை விதைப்பது, மண்ணில் சுண்ணாம்பு இடுவது.

செலவு
ரகம்: எப்படியும் விதை வாங்கியாக வேண்டும், கூடுதல் சுமை குறைவு.
சுண்ணாம்பு: ஏக்கருக்கு டன் கணக்கில் தேவை. லாரி வாடகையே கையைக் கடிக்கும்.

நீடிப்பு
ரகம்: 2009-இல் எதிர்ப்பு ரகங்கள் விற்பனைக்கு வந்தன. 2013-இலேயே அவற்றையும் தாக்கும் கிருமி வகைகள் தென்பட்டன. இடைவெளியின்றி கனோலாவையே விதைத்தால் எந்த எதிர்ப்புத் திறனும் நிலைக்காது. இதைப் பலர் இன்னும் காதில் வாங்குவதில்லை என்பதே என் கவலை.
சுண்ணாம்பு: வித்துகளைக் கொல்லாது, முளைப்பதை மட்டுப்படுத்தும்.

மண்
ரகம்: மண்ணின் புளிப்பு (அமிலத்தன்மை) அப்படியே இருக்கும்.
சுண்ணாம்பு: புளிப்பு முறியும், அடுத்து வரும் பட்டாணி, பார்லியும் தேறும். ஆனால் மண்ணோடு நன்றாகக் கலக்க வேண்டும்.

வயல் முழுவதும் பரவியிருந்தால் எதிர்ப்பு ரகமே வழி. ஆனால் இரண்டு கனோலா சாகுபடிக்கு நடுவே குறைந்தது இரண்டு ஆண்டுகள் கோதுமை, பட்டாணி என மாற்றுப் பயிர் வேண்டும். இயந்திரச் சக்கரத்தில் ஒட்டிவரும் மண்ணால் வயல் வாசலில் மட்டும் நோய் தொற்றியிருந்தால், அந்தத் திட்டுக்குச் சுண்ணாம்பு இடுங்கள். மண்ணின் பி.எச். (புளிப்பைக் காட்டும் அளவு; எண் கூடினால் புளிப்பு குறைவு) ஏற்கெனவே 7.2-ஐத் தாண்டியிருந்தால் சுண்ணாம்புக்குச் செலவிட வேண்டாம்.