உடைந்த இடுப்பு வளையம்: முன் பிளேட்டா, பின் ஸ்க்ரூவா, முதுகோடு சேர்த்த கம்பியா?

மலேசியாவின் சுங்கை சிப்புட் தோட்டப்புறத்தில் செம்பனை லோரியில் மோட்டார் சைக்கிள் மோதி இடுப்பு வளையம் (இரண்டு இடுப்பெலும்பும் முதுகுத்தண்டின் அடி எலும்பும் சேர்ந்த வட்டம்) உடைந்தால், ஈப்போ பெரிய ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டு போவார்கள். திரும்பி வந்த பிறகு வீட்டில் எக்ஸ்ரேயைப் பார்த்துக் கேட்கிறார்கள்: "பக்கத்து வீட்டுக்காரருக்கு முன்னால் பிளேட், நம்ம அண்ணனுக்குப் பின்னால் ரெண்டே ஸ்க்ரூ. ஏன்?"

பதில் ஆய்வக மேசையில் இருக்கிறது. தானமாகக் கிடைத்த இடுப்பையோ செயற்கை எலும்பையோ வேண்டுமென்றே அறுத்து, பொருத்தி, இயந்திரத்தில் திரும்பத் திரும்ப அழுத்துவார்கள். முறிவு எத்தனை மில்லிமீட்டர் விலகுகிறது என்பதே கணக்கு. ஒற்றைக்காலில் நிற்பதுபோலச் செய்யும் சோதனையைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன். நடக்கும் ஒவ்வோர் அடியிலும் இடுப்பு படும் பாடு அதுதானே!

முன் பிளேட்டைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். இடுப்பு முன்பக்கம் விரிந்து, பின்பக்கத் தசைநார்கள் ஓரளவு தாங்கினால் அது போதும். பின்பக்கமும் முழுதாக அறுந்து ஒரு பாதி மேலேறிவிட்டால், பிளேட் மட்டும் தாங்காது. வளையத்தின் பலம் பெரும்பாலும் பின்னால்தான் இருக்கிறது.

அங்கே போடுவது இடுப்பெலும்பிலிருந்து, முதுகுத்தண்டின் அடியில் இருக்கும் திரிக எலும்புக்குள் போகும் ஸ்க்ரூ, பெரும்பாலும் 6.5 அல்லது 7.3 மில்லிமீட்டர் தடிமன். சின்னக் கீறல், ரத்த இழப்பு குறைவு. ஆனால் ஒன்றே ஒன்று போட்டால், ஒற்றை ஆணியில் மாட்டிய பலகைபோல எலும்பு அதைச் சுற்றித் திரும்பப் பார்க்கும். இரண்டு போட்டால் அந்தத் திருகல் அடங்குகிறது. இடம் தவறினால் காலுக்குப் போகும் நரம்பு அடிபடலாம்.

மூன்றாவது முறையில் கீழ் முதுகெலும்பில் ஒரு ஸ்க்ரூ, இடுப்பெலும்பில் இன்னொன்று, இரண்டையும் கம்பியால் இணைத்து, திரிக ஸ்க்ரூவையும் சேர்ப்பார்கள். திரிகத்தின் நரம்புத் துளைகள் வழியே முறிவு போகும்போது, தனி ஸ்க்ரூவைவிட இது குறைவாகவே விலகுகிறது என்று 2003இல் ஷில்ட்ஹவர் என்ற ஆய்வாளரின் குழு இறந்தோர் எலும்பில் காட்டியது. விலை? பெரிய கீறல், புண் ஆறுவதில் தொல்லை, ஒல்லியானவர்களுக்குத் தோலுக்கடியில் துருத்தும் ஸ்க்ரூ தலை. அப்புறம் கழற்ற இன்னோர் ஆபரேஷனும் வரலாம்.

மேசையில் வென்றதையே எல்லாருக்கும் போட வேண்டியதில்லை. அங்கே தசையும் கிடையாது, எலும்பு கூடுவதும் கிடையாது. எலும்பு நொறுங்காமல் சரியாக அமர்ந்தால், இரண்டு ஸ்க்ரூவோடு முன்பக்கத்தையும் பிடித்துவைப்பதே என் தேர்வு. நொறுங்கியிருந்தால் கம்பி. எது போட்டாலும் கால் எப்போது ஊன்றலாம் என்பதை உங்கள் டாக்டரிடம் கேளுங்கள், பக்கத்து வீட்டுக்காரர் ஊன்றிய நாளைப் பார்த்து ஊன்றாதீர்கள்.