குளிர்காலத்தில் மலைநடையா, வீட்டுச் செடியா?

குளிர்காலத்தில் இயற்கையோடு நெருங்கியிருக்க மலைக்குச் செல்வதும் வீட்டுக்குள் செடி வளர்ப்பதும் நல்ல வழிகளே. ஆனால் இவை நம்மிடம் கேட்பவை வேறு. 1,000 மீட்டர் உயரத்துக்குச் சராசரியாக 6.5 டிகிரி செல்சியஸ் வெப்பம் குறைவதாலும், புதுப்பனி புற ஊதாக் கதிர்களில் 80 சதவீதம் வரை பிரதிபலிப்பதாலும், அடுக்கடுக்கான உடையும் குளிர்கண்ணாடியும் இல்லாமல் மலைக்குப் புறப்படுவது ஆபத்தானது. பகல் குறுகியது என்பதால், உச்சியை எட்டாவிட்டாலும் குறித்த நேரத்தில் திரும்பிவிட வேண்டும். ஆனாலும், உறைந்த ஓடையின் கரையில் நின்று, பனிக்கட்டிக்கு அடியில் நீர் நகரும் மெல்லிய ஒலியைக் கேட்பதற்கு ஈடாக வீட்டில் எதுவும் இல்லை.

செடிக்குத் தேவை நிதானமான கவனிப்பு. ஒளி குறைந்து வளர்ச்சி மந்தமாகும் இக்காலத்தில் வேர்கள் குறைவாகவே நீரை உறிஞ்சுகின்றன. கோடையில் ஊற்றிய அளவையே தொடர்ந்தால், மண்ணில் காற்று புக இடமின்றி வேர் அழுகிவிடும். அக்கறை மிகுந்தவர்களே பெரும்பாலும் இத்தவற்றைச் செய்கிறார்கள். மண்ணுக்குள் ஓர் அங்குலம் விரலை விட்டு, ஈரம் தட்டுப்படாதபோது மட்டும் நீர் ஊற்றலாம். மணி பிளாண்ட்டின் சுருண்ட தளிர் சிறிது சிறிதாக விரிந்து, முதிர்ந்த இலைகளுக்கிடையே வெளிர்பச்சையாகத் தெரிவது தனி மகிழ்ச்சி.

வியப்பில் மலையே உயர்ந்தது என்பேன். ஆயினும் அது சில நாள்களுக்கே வாய்க்கும் என்பதால், மூட்டு வலியுள்ளவர்களுக்கும் கைக்குழந்தை உள்ளவர்களுக்கும் சன்னலோரத் தொட்டியையே முதலில் பரிந்துரைப்பேன்.