காரைக்குடியில் வாங்கிய ‘வான்கார்ட்’ மரக்கப்பல்

முனீஸ்வரன் கோவில் தெருவில் ஒரு பழம்பொருள் கடை. பித்தளைத் தூக்குவாளிகளுக்கும் எனாமல் தட்டுகளுக்கும் பின்னால் முழங்கை நீளத்தில் ஒரு மரக்கப்பல் கிடந்தது. அடியில் ‘வான்கார்ட்’ என்று பித்தளைத் தகடு. “இது பழசில்லை ஆச்சி, நாலைஞ்சு வருஷத்துக்குள்ள செஞ்சது” என்று கடைக்காரர் மறைக்காமல் சொன்னது பிடித்துப்போனது.

அந்தக் கப்பலின் கதை எனக்குத் தெரியும். 1909-இல் நீரில் இறங்கிய பிரிட்டிஷ் ட்ரெட்நாட் வகை, அதாவது ஒரே அளவுள்ள பெரிய பீரங்கிகள் பல தாங்கிய போர்க்கப்பல். 12 அங்குலப் பீரங்கிகள் பத்து. முதல் உலகப் போரில் ஜெர்மன் கடற்படையோடு நடந்த 1916 ஜட்லண்ட் சண்டையிலிருந்து சேதமில்லாமல் திரும்பியது. அப்புறம் 1917 ஜூலை 9 இரவு, ஸ்காட்லாந்தில் பிரிட்டிஷ் கடற்படைத் துறைமுகமான ஸ்காப்பா ஃப்ளோவில் நங்கூரமிட்டு நின்ற இடத்திலேயே வெடித்துச் சிதறியது. எதிரி தாக்கவில்லை, வெடிமருந்து அறையில் கார்டைட் என்ற பீரங்கி மருந்து சூடேறிப் பற்றியிருக்கலாம் என்கிறார்கள். 800 பேருக்கு மேல் இறந்துபோனார்கள். கப்பலில் இருந்தவர்களில் பிழைத்தது இரண்டே பேர். சண்டையில் தப்பியவர்கள் துறைமுகத்தில் செத்தார்களே என்று எனக்கு இன்றும் மனசு ஆறவில்லை.

வீட்டுக்கு வந்து எண்ணிப் பார்த்தால் பீரங்கிக் கூண்டு நான்குதான். கூண்டுக்கு இரண்டு பீரங்கியாக ஐந்து இருக்க வேண்டும்: முன்னால் ஒன்று, பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு, பின்னால் இரண்டு. இடப்பக்கக் கூண்டு இருந்த இடத்தில் பசைத் தடம் மட்டும். மறுநாள் கடைக்கு எடுத்துப் போனேன். கடைக்கார அண்ணன் முகம் சுளிக்கவில்லை. ஆசாரியிடம் கொடுத்துத் தேக்கிலேயே கடைந்து, ஒரே வாரத்தில் பொருத்திக் கொடுத்தார். காசு வாங்கவில்லை.

1,800 ரூபாய்க்கு நிறைவான பொருள். தளத்தைச் சுற்றிய நூல் கம்பி மட்டும் தொய்வாக இருக்கிறது. இப்போது எங்கள் வீட்டு வளவில் (உள்முற்றத்தில்), ஐயா பர்மாவிலிருந்து கொண்டுவந்த பெட்டி மேல் நிற்கிறது.